நாற்பத்தெட்டு நேரான ஓட்டைகள்

என் மாமனார் நாற்பது வருடம் ஆணி விற்றவர். நான் ஆணியே அடிக்காமல் வீடு கட்டுகிறவள். எங்கள் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் என் கணவர். அவர் பேக்கரியில் ரொட்டி சுடுகிறார். எதை எதோடு போட்டுப் பிசைந்தாலும் கடைசியில் ஒன்றாகிவிடும் என்று நம்புகிற தொழில் அது.

புது வீட்டுக்கு நானே தச்சர், நானே மேஸ்திரி. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, முழுவதும் மரச்சட்டம். அது எப்படி நிற்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் விளக்க வேண்டியிருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையையே காட்டிச் சொன்னேன்.

"இந்த மேஜைக்கு நாலு கால். கால்களைச் சேர்க்க நாலு சட்டம். இதுக்கு மேல ஒரு துணியை விரிச்சு நாலு பக்கமும் தொங்கவிட்டா அதுதான் சுவர். துணியை உருவினா மேஜை விழுமா? விழாது. கூரையோட பாரம் உத்தரத்துல இறங்கும். உத்தரத்துலேர்ந்து தூணுக்கு, தூண்லேர்ந்து அடிக்கல்லுக்கு. காத்து தள்ளினா சட்டம் சாயாம இருக்க, மூலைக்கு மூலை சாய்வா ஒரு முட்டு. அவ்வளவுதான் வீடு."

"அப்போ சுவருக்கு என்னதான் வேலை?" என்று மாமியார் கேட்டார்.

"காத்தும் மழையும் உள்ள வராம நிக்கிறதுதான் அத்தை. வேற எதையும் தாங்காது."

"சும்மா நிக்கிறதுன்னு சொல்லு. கடையை மூடினதுலேர்ந்து உங்க மாமா மாதிரி."

மாமனார் சிரிக்கவில்லை. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேஜையில் பதினாறு ஆணி இருக்கிறது. பதினாறும் அவர் கடை ஆணி.

"தூணும் உத்தரமும் எதுல சேருது?"

"உத்தரத்தோட முனையை நாக்கு மாதிரி செதுக்குவேன் மாமா. தூண்ல அதுக்கேத்த குழி. நாக்கு குழிக்குள்ள போகும். ரெண்டுக்கும் குறுக்கா ஒரு ஓட்டை போட்டு மர ஆணி அடிச்சுடுவேன்."

"மர ஆணின்னு ஒண்ணு கிடையாதும்மா. அதுக்குப் பேரு குச்சி."

அன்றைக்குச் சாயங்காலமே பெரிய மகனுக்குப் போன் போட்டுவிட்டார். குச்சியில் நிற்கிற வீட்டில் தனக்குக் கண் மூடாது, மிச்ச நாளைப் பெரியவன் வீட்டில் கழித்துக்கொள்கிறேன் என்றார். என் கணவரின் அண்ணனும், சட்டம் நிறுத்துகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காரோடு வருகிறேன் என்றுவிட்டார். மாமனார் போனால் மாமியாரும் போவார். மறுநாள் என் கணவர் சுட்ட ரொட்டி ஒன்றும் எழும்பவில்லை.

போனால் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு வலித்தது. என் கணவர் நான் ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாலும் "ரொம்ப அழகா இருக்கு" என்பார். அந்தப் பாராட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? மாமனாருக்குக் கருவி தெரியும், அளவு தெரியும், எந்த ஆணி பிடிக்கும் எது பிடிக்காது என்று தெரியும். இந்த வீட்டில் ஒருவர் என் வேலையை நம்பவேண்டும் என்றால் அது அவராக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் என்னடாவென்றால் என் வீட்டை விட்டு ஓடுகிறார்.

ஓடுவதற்கு முன்னால் உதவி வேறு. தினம் காலையில் என் பட்டறைக்கு வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சட்டங்களைச் சுற்றிச் சுற்றி வருவார். "இந்த இடத்துல மட்டும் ஒரே ஒரு நாலு அங்குல ஆணி…" என்று ஆரம்பிப்பார். நான் உளியைக் கீழே வைப்பேன். "சும்மா ஒரு தைரியத்துக்கு…" என்பார். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ நான் வெடித்துவிட்டேன்.

"மாமா! ஞாயித்துக்கிழமை சட்டம் நிக்கிற வரைக்கும் இதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரே ஒரு வார்த்தை கூட!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிம்மா" என்றார். அவர் சரி என்றால் சரிதான். நாற்பது வருடக் கடையில் சொன்ன சொல் மாறினதில்லை என்று மாமியாரே ஒத்துக்கொள்வார். வேறு எதையும் அவர் ஒத்துக்கொள்வதில்லை.

சட்டம் நிறுத்துகிற வாரம், திங்கட்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை வேலைக்காக வெளியூர் போனேன். போகும்போது பட்டறையில் எல்லாம் தயாராக இருந்தது. சட்டங்களைத் தரையிலேயே படுக்கவைத்து, நாக்கைக் குழியில் செருகி, பொருத்தம் பார்த்து வைத்திருந்தேன். நாற்பத்தெட்டு மூட்டு, நாற்பத்தெட்டு ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை தூக்கி நிறுத்தி ஆணி அடிப்பதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தேன். பட்டறைக் கதவைத் திறந்தால் தரை சுத்தமாக இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்; என் பட்டறைத் தரை சுத்தமாக இருந்ததாக வரலாறே இல்லை. முதல் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டையில் கண்ணை வைத்தேன். அந்தப் பக்கத்து ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. அடுத்த ஓட்டையில் பார்த்தேன். அதில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது, முள் உட்பட. எல்லா ஓட்டையும் ஒரு சுற்று பெரிதாகி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் கம்பி மாதிரி நேராக இருந்தன. இவ்வளவு நேரான ஓட்டைகளை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வீட்டுக்கு ஓடினேன். மாமனார் மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமியார் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, பட்டறையில டிரில்லை எடுத்தது யாரு?"

அவர் பேப்பரை மடித்தார். என்னைப் பார்த்தார். ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தார்.

"என்ன மாமா இது! கேக்கிறேன்ல?"

அவர் விரலை எடுக்கவில்லை. மறுகையால் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டுக் காட்டினார்.

"நாலு நாளா தலை நிறைய மரத்தூளோட வந்தாரு," என்றார் மாமியார், கத்தியை நிறுத்தாமல். "எங்க போனீங்கன்னு கேட்டா சலூனுக்குன்னாரு. சலூன்ல எதுக்கு மரத்தூள்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"பேசுங்க மாமா! நான் சொல்றேன், பேசலாம்!"

"பேசலாமா?" என்று உறுதி செய்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறது என்பது போல. "எல்லா ஓட்டையும் தப்பா இருந்துச்சும்மா. ஒண்ணு ரெண்டா இருந்தா கை தவறிடுச்சுன்னு விட்டிருப்பேன். நாற்பத்தெட்டும்! தூண்ல போட்ட ஓட்டை ஒரு இடத்துல, நாக்குல போட்ட ஓட்டை ஒரு இடத்துல. எட்டிப் பார்த்தா முழு வட்டம் தெரியல. உன் அளவுகோல்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னியே."

மாமியார் கத்தியை நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை சட்டம் தூக்கப் பதினாலு பேர் வர்றாங்க," என்றார் மாமனார். "அத்தனை பேர் முன்னாடி நீ ஆணியை வச்சு அடிச்சு, அது உள்ள போகாம நின்னுச்சுன்னா? பொம்பளை தச்சுவேலை பார்த்தா இப்படித்தான்னு ஊரே பேசும். நீ வர்றதுக்குள்ள நேர் பண்ணி வச்சுட்டா யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

எனக்குத் திட்டுவதற்கு நிறைய வார்த்தை தயாராக இருந்தது. வழி நெடுக அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த "உனக்கும்" என்ற சொல்லில் எல்லாம் சரிந்து விழுந்தன. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"மாமா, அது தப்பு இல்ல. வேணும்னேதான் தள்ளிப் போட்டேன்."

மாமியார் வெட்டி வைத்திருந்த காய்த்துண்டுகளை எடுத்து விளக்கினேன். நாக்கில் போடுகிற ஓட்டையை, தூணில் போடுகிற ஓட்டையிலிருந்து மூன்று மில்லி மீட்டர் இந்தப் பக்கம், உத்தரத்தின் பக்கமாகத் தள்ளிப் போடவேண்டும். மர ஆணியின் நுனி கூராக இருக்கும். அதை அடிக்கும்போது தள்ளியிருக்கிற ஓட்டைக்குள் வளைந்து நெளிந்துதான் போகும். போகிற போக்கில் நாக்கைக் குழிக்குள் இழுக்கும். உத்தரம் தூணோடு ஒட்டிக்கொள்ளும். அடிக்க அடிக்க இறுகும்.

"ஓட்டை நேரா இருந்தா ஆணி சும்மா உள்ள போய்ப் படுத்துக்கும் மாமா. எதையும் இழுக்காது. ஒவ்வொரு மூட்டும் லொடலொடன்னு ஆடும்."

அவர் காய்த்துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் பிடிமானத்தை விற்ற மனிதர். இரண்டாவது முறை சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் புரிந்துகொண்டார்.

"அப்போ நாற்பத்தெட்டையும் கெடுத்தது நான்."

"ரொம்ப நேர்த்தியா," என்றார் மாமியார்.

வேலையைத் தள்ளிப்போட வழியில்லை. பாரம் தூக்குகிற கப்பியும் சங்கிலியும் மரக்கடைக்காரருடையவை. ஞாயிறு ஒருநாள்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். பதினாலு பேரும் ஆளுக்கொரு வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள். அதையெல்லாம் விடக் கஷ்டம், மறுநாள் வந்து நிற்கிற கார். சட்டம் நிற்கவில்லை என்றால் அவர் அந்தக் காரில் ஏறிவிடுவார், அதுவும் தன்னால்தான் நிற்கவில்லை என்ற நினைப்போடு ஏறுவார். அப்படி ஏறினவர் அப்புறம் எத்தனை வீடு கட்டினாலும் இறங்கி வரமாட்டார்.

"எழுந்திரிங்க மாமா," என்றேன். "கெடுத்தவர்தான் கூட வந்து சரிபண்ணணும்."

மூட்டுகளைக் கழற்றினோம். நாக்கில் இருந்த ஓட்டைகளை அடைக்க வைரம் பாய்ந்த மரத்தில் உருண்டைக் குச்சிகள் சீவினேன். பேக்கரியிலிருந்து நேராக வந்த என் கணவர், மாவு படிந்த கையோடு ஒவ்வொரு குச்சிக்கும் பசை தடவி உள்ளே தள்ளினார். "நல்லா உப்பியிருக்கு" என்றார், அவருக்குத் தெரிந்த பாஷையில். மறுநாள் காலையில் பசை காய்ந்து, அடைத்த இடம் கல் மாதிரி ஆகியிருந்தது. இனி அதன் மேல் புது ஓட்டை போடவேண்டும், மூன்று மில்லி தள்ளி.

பென்சிலை மாமனாரிடம் கொடுத்தேன். குறி போடுகிற வேலை அவருக்கு. பழைய மையத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து தள்ளிப் பென்சிலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"கை வரமாட்டேங்குதும்மா."

"போடுங்க மாமா."

"தெரிஞ்சே தப்பா குறி போடுறது பாவம் மாதிரி இருக்கு."

முதல் குறிக்கு அரைமணி நேரம் ஆனது. இரண்டாவதற்குக் கால்மணி. பிறகு வீட்டுக்குப் போய் தன் பழைய கடைப் பெட்டியிலிருந்து ஒரு அளவுக் கருவியைக் கொண்டுவந்தார்; ஆணித் தடிமன் பார்க்கிறது. அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நாற்பத்தெட்டு ஓட்டையும் மூன்று மில்லி தள்ளித்தான் இருக்கவேண்டும், இரண்டே முக்காலும் கூடாது, மூன்றே காலும் கூடாது. நான் கண்ணால் பார்த்து ஒன்றைக் குறித்துவிட்டேன். அழித்துவிட்டு அவரே குறித்தார்.

"கோணல்னாலும் ஒரு ஒழுங்கு வேணாமா?" என்று என்னைத் திட்டினார்.

தூணின் ஓட்டைகள் அவர் கைங்கரியத்தில் பெரிதாகிவிட்டதால் ஆணிகளும் பெரிதாக வேண்டும். நாற்பத்தெட்டுப் புது ஆணி செதுக்க சனிக்கிழமை மத்தியானம் தாண்டிவிட்டது. ஒரே ஒரு மூட்டை மட்டும் தரையிலேயே சேர்த்து, அவர் கையில் என் மரச்சுத்தியலை, கொட்டாப்புளியை, கொடுத்தேன். உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி இருந்தது. அவர் அடித்தார். ஆணி முதலில் முரண்டு பிடித்தது, பிறகு தலையை வளைத்துக்கொண்டு உள்ளே போனது. நான்காவது அடியில் அந்த இடைவெளி எங்கள் கண் முன்னாலேயே மூடிக்கொண்டது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. பிளேடை எடுத்துப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை.

"ம்," என்றார். "ஒண்ணு பிடிச்சிருக்கு. நாற்பத்தேழு பாக்கி."

காரை வரவேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மாமியார் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேரும் வந்தார்கள். பேக்கரியிலிருந்து ஆறு பேர், தெருவிலிருந்து ஏழு பேர், கப்பியோடு மரக்கடைக்காரர். தூண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. உத்தரங்கள் சங்கிலியில் ஆடிக்கொண்டே மேலே போக, நாக்குகள் குழிகளில் இறங்கின. மரக்கடைக்காரர் ஏணியில் ஏறி முதல் ஓட்டையில் எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்தவர் தவற்றைக் கண்டுபிடித்தால் அவருக்குப் பசி தெரியாது.

"என்னம்மா இது, ஓட்டை ரெண்டும் சேரவே இல்லையே! அளவு தப்பிடுச்சு போல!"

நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து மாமனார் குரல் வந்தது.

"யோவ், அது விஷயம் தெரியாதவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். வேணும்னே தள்ளிப் போடுறது. சரியா மூணு மில்லி. நேரா போட்டா மூட்டு ஆடும்யா, இது கூடத் தெரியாமலா மரக்கடை வச்சிருக்கே?"

மரக்கடைக்காரர் மறுபடி ஓட்டைக்குள் பார்த்தார், இந்த முறை மரியாதையோடு. மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

மத்தியானத்துக்குள் பாக்கி நாற்பத்தேழு ஆணியும் இறங்கிவிட்டது. மூலை முட்டுகள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. நடுவில் இருந்த பெரிய உத்தரத்துக்குக் கீழே, வேலை முடிகிற வரைக்கும் தாங்கட்டும் என்று ஒரு கட்டையை நிறுத்தியிருந்தோம். அதைத் தட்டிவிட்டால் சட்டம் தன் காலில் நிற்கவேண்டும், நிற்காவிட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். கட்டையைத் தட்டுகிறவர் உத்தரத்துக்கு அடியில்தான் நின்றாகவேண்டும். கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். திரும்பினால் மாமனார் பக்கத்தில் நிற்கிறார்.

"மாமா, வெளிய போங்க."

"நீ போ. ஓட்டை போட்டது நான்."

"கட்டினது நான் மாமா!"

"குறி வச்சது யாரு?"

"நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்றதுக்குள்ள கட்டையே செல்லரிச்சுப் போயிடும்," என்றபடி மாமியார் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "தட்டுங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

வாசலில் என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவர் குடும்பம் மொத்தமும் ஒரு உத்தரத்துக்குக் கீழே இருந்தது.

கட்டையின் அடியைக் குறி பார்த்தேன். மாமனார் கொட்டாப்புளியின் பிடியில் தன் கையையும் வைத்தார். இருவரும் சேர்ந்து அடித்தோம். கட்டை நகர்ந்தது. இன்னொரு அடியில் சரிந்து விழுந்தது. உத்தரம் "கிர்ர்" என்று ஒருமுறை முனகியது, மயிரிழை இறங்கியது, நின்றது. வெளியே பதினாலு பேரும் கத்தினார்கள். மாமியார் அண்ணாந்து பார்த்து, "ஒட்டடை அடிக்கக் கஷ்டம்" என்றார்.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகும் மாமனார் அங்கேயே நின்றார். ஒவ்வொரு தூணையும் கையால் தட்டிப் பார்த்தார். மேலே எங்கேயோ மறுபடியும் முனகல் கேட்டது.

"அது என்னம்மா?"

"பச்சை மரம் மாமா. காயுது. காயும்போது இப்படித்தான் சத்தம் போடும், மூட்டு இன்னும் இறுகும். பயமில்ல."

"எத்தனை நாளைக்கு?"

"அது ஆகும், ரெண்டு வருஷம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணிலிருந்து எட்ட வைத்துக்கொண்டு அழுத்தினார்.

"பெரியவனே, நாளைக்கு நீ வரவேணாம்ப்பா. இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்க மரம் காயணுமாம். சத்தம் போடுமாம். விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்ல? ரெண்டு வருஷம் ஆகுமாம், அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்."

நான் இரண்டு எட்டில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, தப்பா சொல்லிட்டேன். இருபது வருஷம் ஆகும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மரம் காய எத்தனை வருடம் ஆகும் என்று, நாற்பது வருடம் தச்சர்களோடு பழகியவருக்குத் தெரியாதா?

"இருபதாம்ப்பா," என்றார் போனில்.